முள்ளிமட்டத்து ஏழு மணி

இசக்கியம்மா ஒரு தவறு செய்தார். அதை எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொண்டார். பிறகு திருத்தினார். மூன்றும் நடந்து முடியப் பதினோரு நாள் ஆனது. 2002ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தின் அந்தப் பதினோரு நாளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஆளைச் சொல்லிவிடுகிறேன். அருவங்காட்டுக்கும் கேத்திக்கும் நடுவே மலைச்சரிவில் இருக்கிறது முள்ளிமட்டம் தேயிலை எஸ்டேட். அங்கே தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீடுகளில் நான்காம் நம்பரில் பிறந்தவர் இசக்கியம்மா. தாத்தா சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து மலையேறி வந்தவர். இவர் பதினாறு வயதில் கொழுந்துக் கூடையை மாட்டினார், முப்பது வருடம் இறக்கவில்லை. குள்ளம். குரல் மட்டும் மூன்று வரிசைத் தேயிலைக்கு அப்பாலும் கேட்கும். ஒருமுறை கேட்ட பெயரை மறக்க மாட்டார்.

தேயிலை விலை விழுந்தபோது எஸ்டேட் வாரம் மூன்று நாள்தான் வேலை கொடுத்தது. ஃபாக்டரியில் அவர் கணவர் பார்த்த ரோலிங் மெஷின் நின்றே போனது. கணவர் வீட்டில் சமைக்கக் கற்றுக்கொண்டார். நன்றாகவே சமைத்தார். அந்த நேரத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. ஆறாம் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. நிற்க வேறு ஆள் தயங்கியதால் இசக்கியம்மா நின்றார், பதினேழு ஓட்டில் ஜெயித்தார். முள்ளிமட்டம் பேரூராட்சியின் பன்னிரண்டு உறுப்பினர்களில் கூடை சுமந்தவர் அவர் ஒருவர்தான்.

என்னிடம் அவர் வந்தது உறுப்பினராக அல்ல. ஊட்டியில் நான் நர்ஸாக வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில் முதியவர்களுக்குத் தனி வார்டு திறப்பதாக இருந்தார்கள். ஜூலை மூன்றாம் தேதி திறப்பு. அதற்கு ஆறு உதவியாளர்கள் வேண்டும். மூன்று மாதப் பயிற்சி என் பொறுப்பு. முள்ளிமட்டம் லைனிலிருந்து ஆறு பெண்கள் சேர்ந்தார்கள். இசக்கியம்மா அவர்களில் மூத்தவர். பயிற்சி காலை பத்து மணிக்கு என்பதால் பஸ்ஸில் வந்து போனார்கள்.

முதல் நாளே சொல்லிவிட்டேன். வேலையில் சேர்ந்த பிறகு காலை ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும். அப்போதுதான் இரவு வேலை பார்த்தவர்கள் பகல் ஆட்களிடம் நோயாளிகளை ஒப்படைப்பார்கள். யார் சாப்பிடவில்லை, யாருக்கு முதுகில் தோல் சிவந்திருக்கிறது, யார் இரவில் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார் என்று ஒவ்வொரு கட்டிலாகச் சொல்வார்கள். அதைக் கேட்காதவருக்கு அன்றைக்கு நோயாளியைத் தொட அனுமதி இல்லை. பத்து நிமிடம் தாமதம் என்றாலும் கிடையாது.

முள்ளிமட்டத்திலிருந்து முதல் பஸ் ஏழு நாற்பதுக்கு. அதாவது அதற்கு முன்னால் ஒரு ரயில் வந்தால் ஆறு பேருக்கும் வேலை. வராவிட்டால் ஆறு பேருக்கும் இல்லை.

ரயில் வருவதாகத்தான் இருந்தது. குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே காலையில் புதிதாக ஒரு பயணியர் ரயில் விட யோசிப்பதாகவும், பல வருடமாக மூடிக்கிடக்கும் முள்ளிமட்டம் ஹால்ட் என்ற சிறிய நிறுத்தத்தில் அது நிற்கலாம் என்றும் ரயில்வேயிலிருந்து பேரூராட்சிக்குக் கடிதம் வந்தது. மூன்று கேள்வி கேட்டிருந்தார்கள். எந்த நேரம் வசதி? எத்தனை பேர் ஏறுவார்கள்? ஹால்ட்டுக்குப் போகும் பாதையையும் விளக்கையும் பேரூராட்சி பார்த்துக்கொள்ளுமா? ஏப்ரல் முப்பதுக்குள் தீர்மானத்தோடு பதில் வேண்டும். ஜூலை கால அட்டவணையில் ஒரு நேரம் அச்சாகிவிட்டால் ஒரு வருடத்துக்கு மாற்ற முடியாது என்றும் கடைசி வரியில் எழுதியிருந்தது.

இசக்கியம்மா கடிதத்தின் நகலை என்னிடம் கொண்டுவந்து காட்டினார்.

"கடைசி வரியப் பாத்தீங்களா சிஸ்டர்? ஒரு வருசம். நம்ம வார்டு ஒரு வருசம் காத்துக்கிட்டு இருக்குமா?"

"ஒரு வாரம்கூட இருக்காது. வேற ஆள் எடுப்பாங்க."

"அதான் கேட்டேன்," என்று நகலை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலையிலேயே பெரட்டுக்களத்துக்குப் போனார். எஸ்டேட்டில் விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். அங்கே நின்றவர்களிடம் ஒவ்வொருவராகக் கேட்டார். ஊட்டியில் வேலைக்குப் போகிறவர்கள், போக நினைக்கிறவர்கள் என்று நாற்பத்து மூன்று பேர் தேறினார்கள். எல்லோரும் ஒரே நேரத்தைச் சொன்னார்கள். ஏழு மணிக்கு ஹால்ட்டில் ரயில் வந்தால் போதும். இசக்கியம்மா நாற்பத்து மூன்று பெயரையும் எழுதி, எதிரே ஏழு ஏழு என்று போட்டுக்கொண்டார்.

ஏப்ரல் எட்டாம் தேதி கூட்டம். தலைவர் ஆறுக்குட்டி, பஸ் நிறுத்தத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவர். எதையும் அவசரப்பட்டு முடிவு செய்ய மாட்டார். இரண்டு ஜீப் ஓட்டும் சின்னராஜ் இரண்டாம் வார்டு உறுப்பினர். அவர் எழுந்து, ரயில் காலை பத்து மணிக்கு வர வேண்டும் என்றார்.

"டூரிஸ்ட் எல்லாம் பத்து மணிக்குத்தானுங்க ரூமை விட்டு வெளிய வருவான். குளுருல ஏழு மணிக்கு யாருங்க ஏறப்போறா? கரடியா?"

"கரடிக்கு டிக்கெட் வேண்டாமுங்க," என்றார் இசக்கியம்மா. "எங்க லைன் சனத்துக்கு வேணும். இந்தாங்க, நாப்பத்தி மூணு பேரு. உங்க டூரிஸ்ட் ஒருத்தர் பேரச் சொல்லுங்க பாப்போம்."

இசக்கியம்மா நாற்பத்து மூன்று பெயரையும் காகிதத்தைப் பார்க்காமலே சொல்ல ஆரம்பித்தார். பாதிப் பெயர் வருவதற்குள் ஆறுக்குட்டி கையை உயர்த்தி நிறுத்தினார். புதிய ரயிலைப் பேரூராட்சி வரவேற்கிறது, பாதையையும் விளக்கையும் பொறுப்பேற்கிறது, ஹால்ட்டில் நிற்கும் நேரம் காலை ஏழு மணியாக இருக்க வேண்டும் என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. சின்னராஜும் கை தூக்கினார்.

மறுநாள் பயிற்சிக்கு வந்தபோது இசக்கியம்மா நடையே வேறு மாதிரி இருந்தது.

"சிஸ்டர், ரயிலு வந்துருச்சுன்னே வெச்சுக்கங்க. தீர்மானம் போட்டாச்சு. ஏழு மணி."

நான் கட்டில் விரிப்பைச் செருகிக்கொண்டிருந்தேன். "அங்க ஏழுக்கு ஏறினா இங்க எத்தனைக்கு எறங்குவீங்க?"

"நாப்பது நிமிசம்."

"அப்போ ஏழு நாற்பது. ஸ்டேஷன்லருந்து நடை பத்து நிமிஷம். ஏழு அம்பதுக்கு வந்து என்ன செய்யப் போறீங்க?"

"இல்லீங்க சிஸ்டர். ஏழுன்னா ஆறரைதானே..." என்று ஆரம்பித்தவர் அப்படியே நின்றுவிட்டார். பிறகு பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தார். நோயாளிக் கட்டிலில் உட்காரக் கூடாது என்பது என் விதி. அன்றைக்கு நான் சொல்லவில்லை.

விஷயம் இதுதான். முள்ளிமட்டம் எஸ்டேட்டின் கடிகாரம் ஊர்க் கடிகாரத்தைவிட அரை மணி நேரம் முன்னால் ஓடும். பழைய வெள்ளைக்கார மேனேஜர் ஒருவர், மத்தியானத்துக்கு மேல் மூடுபனி இறங்கிவிடுகிறது என்று, ஆட்களைச் சீக்கிரம் களத்துக்கு வரவைக்க முள்ளைத் திருப்பி வைத்தாராம். அவர் போய் அறுபது வருடம் ஆயிற்று. முள்ளை யாரும் திருப்பவில்லை. சங்கிலி என்ற காவலாளி அந்தக் கடிகாரத்தைப் பார்த்துத்தான் பெரட்டுக்களத்தில் தொங்கும் இரும்புத் துண்டில் மணி அடிப்பார். லைனில் பிள்ளைக்குப் பால் கொடுப்பதும் தண்ணீர் பிடிப்பதும் அந்த மணிப்படிதான். டி.வி.யில் இரவு எட்டு மணிக்கு வரும் செய்தி அங்கே எட்டரைச் செய்தி. பஸ் ஏழு நாற்பதுக்கு என்றால் அவர்களுக்கு எட்டு பத்து. டவுனுக்கு வந்தால் தன்னால் அரை மணி கழித்துக்கொள்வார்கள். அதில் யாரும் குழம்பியதே இல்லை.

ஆனால் இசக்கியம்மா கேட்டது பெரட்டுக்களத்தில், மணி தொங்கும் இடத்துக்குக் கீழே நின்றுகொண்டு. கேட்டவரும் லைன்காரர், சொன்னவர்களும் லைன்காரர்கள். அவர்கள் தோட்ட நேரத்தைச் சொன்னார்கள், அவர் தோட்ட நேரத்தை எழுதினார். அது அப்படியே பேரூராட்சித் தீர்மானத்தில் ஏறிவிட்டது.

"முப்பது வருசம் அந்த மணிக்கு ஓடிருக்கேன் சிஸ்டர். எனக்கே தோணல."

"கடிதம் அனுப்பிட்டாங்களா?"

"தெரியல."

"அப்போ இங்க ஏன் உக்காந்திருக்கீங்க?"

எழுந்து போய்விட்டார். அன்று மட்டும் பயிற்சிக்கு விடுப்பு கொடுத்தேன்.

செயல் அலுவலர் பாலசுப்பிரமணியம் இன்னும் கடிதத்தை அனுப்பவில்லை. தட்டச்சு செய்து தலைவர் கையெழுத்துக்கு வைத்திருந்தார். இசக்கியம்மா அதன் மேல் கையை வைத்துக்கொண்டுதான் பேசினாராம்.

"சார், இது போகக் கூடாதுங்க. நேரம் தப்பு. ஆறரைன்னு இருக்கணும்."

"தீர்மானம் போட்டதை நான் எப்படிம்மா மாத்த முடியும்? மாத்தணும்னா உறுப்பினர்ல பாதிப் பேரு, ஆறு பேரு, எழுதிக் கேக்கணும். அப்புறம் தனிக் கூட்டம்."

"எத்தன நாளு இருக்கு?"

"கடிதத்தைப் பத்தொன்பதாம் தேதி வரைக்கும் வெச்சிருப்பேன். அதுக்கு மேல என்னால முடியாது."

அந்த நேரம் தலைவரும் சின்னராஜும் இன்னும் சில உறுப்பினர்களும் உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு யாராவது என்றால் தலைவரைத் தனியே பார்த்து மெதுவாகச் சொல்லியிருப்பார்கள். இசக்கியம்மா நேராக உள்ளே போய் எல்லோரும் இருக்கும்போதே சொன்னார். தோட்ட மணியை ஊர் மணி என்று எழுதிவிட்டேன், தப்பு என்னுடையது, ஆறு கையெழுத்து வேண்டும்.

முதலில் ஒருவருக்கும் புரியவில்லை. புரிந்ததும் சின்னராஜ் டீயை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தார்.

"ஏனுங்க மெம்பரம்மா, நேத்து ஏழுன்னு மேசையத் தட்டுனீங்க. இன்னிக்கு ஆறரைங்கறீங்க. நாளைக்கு வந்து ரயிலே வேண்டாம், கோவேறு கழுதை போதும்பீங்களா?"

"கழுத ஏழரைக்குள்ள ஊட்டி போய்ச் சேந்தா அதையும் கேப்பேனுங்க."

"உங்க தோட்டத்து மணிக்கு இந்தியா பூராவும் ரயிலு ஓட்டணுமா?"

"வேண்டாமுங்க. ஊர் மணிக்கே ஓட்டட்டும். அதுக்குத்தான் வந்துருக்கேன்."

ஆறுக்குட்டி சிரிக்கவில்லை. அவருக்கு வேறு சந்தேகம். "ஏம்மா, ஏழுக்கே ஆளு வருமான்னு எனக்கு ரோசனைதான். ஆறரைக்கு எங்கூட்டுல அடுப்பே பத்த வெக்க மாட்டாங்க. ஆளில்லாம ரயிலு வந்து நின்னா அடுத்த வருசம் நிறுத்தமே போயிரும். பேரூராட்சிக்குத்தான் கெட்ட பேரு."

"வந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க."

"எங்க வந்து?"

"ஹால்ட்டுக்கு. திங்கக்கெழம காலைல ஆறரைக்கு. உங்க வாட்ச்சுல ஆறரை. அங்க வெச்சுப் பெரட்டு எடுக்கறேன். நாப்பத்தி மூணு பேரும் ரயிலுக்கு நிக்கற மாதிரி நிப்பாங்க. நிக்கலைன்னா கையெழுத்தே வேண்டாம்."

திங்கட்கிழமை நடந்ததை நான் பார்க்கவில்லை, வார்டில் இருந்தேன். ஆறுக்குட்டி சொன்னதையும், பயிற்சிக்கு வந்த ஆறு பேரில் ஒருத்தியான தேவி சொன்னதையும் வைத்து எழுதுகிறேன். இருவர் சொன்னதும் ஒத்துப்போகிற இடங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உறுப்பினர்களை ஹால்ட்டுக்கு ஏற்றிவந்தது சின்னராஜின் ஜீப்தான். வேடிக்கை பார்க்கிற ஆசையில் அவரே எல்லார் வீட்டு வாசலிலும் ஹார்ன் அடித்து எழுப்பியிருக்கிறார். தலைவரும் செயல் அலுவலரும் ஏழு உறுப்பினர்களும் அதில் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள். ஆறு இருபத்தைந்துக்கு இறங்கினார்கள். நல்ல பனி. பிளாட்பாரத்தில் புல் முழங்கால் உயரம். இசக்கியம்மா சால்வையைப் போர்த்திக்கொண்டு தனியாக நின்றார். வேறு ஓர் ஆள் இல்லை.

சின்னராஜ் சுற்றிலும் பார்த்தார். "எங்கீங்க மெம்பரம்மா உங்க பட்டாளம்? பனிக்குள்ள ஒளிஞ்சிருக்காங்களா?"

"எங்களுக்கு இன்னும் ஏழாகலீங்க."

"ஆறு இருபத்தெட்டு," என்றார் ஆறுக்குட்டி, கைக்கடிகாரத்தைப் பார்த்து. அவருக்குக் குளிர் தாங்கவில்லை. மஃப்ளரை இறுக்கிக்கொண்டார். செயல் அலுவலர் நோட்டைத் திறந்தார், மூடினார். மேலே சரிவில் டார்ச் வெளிச்சம் ஒன்றிரண்டு தெரிந்து மறைந்தது. பாதையில் செருப்புச் சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தமே இல்லை. பெரட்டுக்கு வரும்போது பேசிக்கொண்டு வந்தால் அந்தக் காலத்து மேஸ்திரி அரை நாள் கூலியைக் கழித்துவிடுவார். அந்தப் பயம் போய்விட்டாலும் பழக்கம் போகவில்லை.

பிறகு எஸ்டேட்டிலிருந்து மணிச் சத்தம் வந்தது. சங்கிலி அடித்தார். ஏழு அடி. ஏழாவது அடி நிற்கும்போது பிளாட்பாரத்தில் வரிசை நின்றிருந்தது. டிபன் தூக்கோடு, ஸ்வெட்டரோடு, ஒரு கை இடைவெளி விட்டு இரண்டு வரிசை.

ஆறுக்குட்டி தன் கடிகாரத்தைப் பார்த்தார். சரியாக ஆறரை. செயல் அலுவலரிடம் காட்டினார். அவரும் பார்த்தார். அதற்குமேல் விளக்கம் யாருக்கும் தேவைப்படவில்லை.

இசக்கியம்மா பேர் கூப்பிட்டார். கையில் காகிதம் இல்லை.

"தேவி."

"இருக்கேன்."

"மூக்கம்மா."

"இருக்கேங்க்கா."

கடைசியில் நாற்பத்தொன்று. செயல் அலுவலர் ஒவ்வொரு பெயருக்கும் ஒரு கோடு போட்டிருந்தார்.

"ரெண்டு கொறையுதே," என்றார் சின்னராஜ் உடனே.

"ஆமாங்க. ஒருத்தரு எமரால்டு ஊருக்குக் கேரட் புடுங்கப் போயிட்டாரு, இனி அங்கதானாம். ஒருத்திக்குக் காய்ச்சல். நாப்பத்தொண்ணுன்னே எழுதுங்க சார். வராத ஆளுக்குப் பேரு போட்டா அப்புறம் அதுவும் ஒரு தப்பாயிரும்."

ஆறுக்குட்டி வரிசையை ஒரு முறை நடந்து பார்த்தார். கடைக்காரர் அல்லவா, வேறு ஒரு கேள்வி கேட்டார்.

"சாயங்காலம் திரும்பி வாறப்ப எந்த வழியா ஊட்டுக்குப் போவீங்க?"

"பஸ்ஸுல எறங்குனா லைனுக்குப் பாதை உங்க கடை வாசல்லதானுங்க ஏறுது," என்றார் இசக்கியம்மா. "அரிசி பருப்பெல்லாம் ஊட்டில வாங்கித் தூக்கிட்டா வருவோம்?"

"காயிதத்தக் குடும்மா," என்றார் ஆறுக்குட்டி.

எழுதப் பிளாட்பாரத்தில் மேசை இல்லை. சின்னராஜின் ஜீப் பானெட்டில் காகிதத்தை விரித்து வைத்தார்கள். ஈரமாக இருந்ததால் மூக்கம்மா தன் முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். தலைவரும் ஐந்து உறுப்பினர்களும் போட்டார்கள். ஆறு சேர்ந்துவிட்டது. இசக்கியம்மா ஏழாவதாகப் போட்டுவிட்டுப் பேனாவைச் சின்னராஜிடம் நீட்டினார்.

"எனக்கு எதுக்குங்க? அதான் ஆறாயிருச்சே. நான் பத்து மணிக்காரன்."

"போடாட்டிப் போகுது. ஜீப்பு குடுத்தீங்கல்ல, அது போதும்."

அவர் கடைசி வரை போடவில்லை. ஆனால் வெள்ளிக்கிழமை நடந்த தனிக் கூட்டத்தில் எதிர்த்தும் பேசவில்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு ஆரம்பித்த கூட்டம் இரண்டேகாலுக்கு முடிந்தது. அன்று தேதி பத்தொன்பது. செயல் அலுவலர் கெடு சொன்ன அதே நாள். பதில் அன்றைய தபாலில் போனது.

பாலசுப்பிரமணியம் அந்தப் பதிலில் நேரத்தை 'இந்திய நேரப்படி காலை 6.30' என்று எழுதியிருந்தார். இன்னொரு தடவை குழப்பம் வேண்டாம் என்ற எண்ணம். பத்து நாள் கழித்து ரயில்வே அலுவலகத்திலிருந்து யாரோ போனில் கேட்டார்களாம், உங்கள் ஊரில் வேறெந்த நாட்டு நேரம் நடப்பில் இருக்கிறது என்று. "நேர்ல வாங்க, சொல்றேன்," என்று அவர் போனை வைத்துவிட்டார்.

ஜூன் மாதம் ஹால்ட்டில் புல்லை வெட்டினார்கள். பாதைக்குக் கருங்கல் போட்டு, நான்கு விளக்கும் வைத்தது பேரூராட்சி. வேலை நடக்கும் இடத்துக்கு இசக்கியம்மா தினமும் போய் நின்றார். மூன்றாவது விளக்கு திருப்பத்தில் வராமல் நேர் பாதையில் வந்துவிட்டது என்று கம்பத்தைப் பிடுங்கி மாற்றி நடவைத்தார்.

சங்கிலி மட்டும் ஒரு நாள் வந்து கேட்டார். எஸ்டேட் கடிகாரத்தை ஊர் நேரத்துக்குத் திருப்பி வைக்கவா?

"எதுக்கு? பெரட்டு, மாவு அரைக்கறது, தண்ணி புடிக்கறது எல்லாம் கலைஞ்சு போகும். அது பாட்டுக்கு ஓடட்டும். ரயிலுக்குன்னு தனியா ஒரே ஒரு அடி அடி. இருவது நிமிசம் முன்னாடி."

அப்படியே செய்தார். லைனில் அதற்கு ரயில் அடி என்று பெயர் வந்தது. அந்த அடி கேட்டதும் தூக்கை எடுத்துக்கொண்டு கிளம்புவார்கள். மணி என்ன என்று யாரும் பார்ப்பதில்லை.

ஜூலை கால அட்டவணையில் முள்ளிமட்டம் ஹால்ட்டுக்கு ஆறு முப்பத்திரண்டு என்று அச்சாகியிருந்தது. இரண்டு நிமிடத்துக்குச் சண்டை போட வேண்டாம் என்று இசக்கியம்மாவே சொல்லிவிட்டார்.

மூன்றாம் தேதி புதிய வார்டைத் திறந்தோம். பத்துக் கட்டிலில் எட்டுக்கு ஆள் வந்தாகிவிட்டது. எட்டு பேரும் முந்தின நாள் மாலையே வந்து சேர்ந்திருந்ததால் இரவு ஆட்கள் ஒப்படைக்கக் காத்திருந்தார்கள். ஏழு இருபத்திரண்டுக்கு ஆறு பேரும் படியேறி வந்தார்கள். தலையில் பனி ஈரம் இருந்தது. துண்டு கொடுத்துத் துடைக்கச் சொன்னேன், கையைக் கழுவச் சொன்னேன்.

இசக்கியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். ஏழரை ஆனது. இரவு ஆள் முதல் கட்டிலிலிருந்து ஆரம்பித்தாள். நான்காம் கட்டில் அம்மாவுக்கு இடது பக்கம் தோல் சிவந்திருக்கிறது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும், கடைசியாகத் திருப்பியது ஐந்தரைக்கு என்றாள்.

"அப்போ இப்பவே திருப்பணும்," என்று இசக்கியம்மா சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு நான்காம் கட்டிலுக்குப் போனார்.